சொந்தக்காரப் பேய்

நான் கண்டிக்குப் போனதற்குக் காரணம் ஆஸ்திரேலியா.

மருத்துவமனைகளுக்கு முகம் வரைவது என் தொழில். சின்னம், பெயர்ப்பலகை, சுவர், தாதியர் உடை, மருந்துப் பை என்று எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரிய வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி நடத்தும் ஒருவர், எல்லோரும் சேர்மன் என்று கூப்பிடுகிறவர், கண்டியில் டயாலிசிஸ் நிலையம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். "அந்த மண்ணோட ஆதிகுடிக வரையற படமாப் போடோணும் அம்மிணி" என்றார். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இணையத்தில் தேடி, புள்ளி புள்ளியாக ஒரு படத்தைப் பிடித்துச் சின்னமாக்கினார். நானும் பார்த்துவிட்டு பலே என்றேன். கண்டியில் நிலையத்துக்குப் பொறுப்பான டாக்டர் கௌரி இரண்டே வரியில் பதில் போட்டார். "இது ஆஸ்திரேலியா ஆக்களின்ர படம். எங்களிட்ட வாற நோயாளிகள் கங்காருக்கள் இல்லை."

மானம் போன வேகத்தில் நானே கிளம்பிவிட்டேன். திறப்பு விழாவுக்கு அதிக நாள் இல்லை. எனக்கு எப்போதுமே கால் தரிக்காது. வீட்டில் குக்கர் விசிலுக்குக்கூட நின்று காத்திருக்க மாட்டேன். இந்த முறை அவசரப்பட நியாயமான காரணமும் இருந்ததால் கேட்கவே வேண்டாம்.

கண்டியில் மழை. டாக்டர் ஏற்பாடு செய்திருந்த வேன்காரர் செல்வம், குடையை எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் நனைந்தபடி வந்தார். தெல்தோட்டைக்காரர். அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இவர் சொந்தமாக வேன் ஓட்டுகிறார். "மொழிபெயர்ப்புக்கு வேற ஆளு தேட வேணாம் மிஸ். என்னோட சிங்களத்த சிங்கள ஆளுகளே கேட்டுக்கிட்டு நிப்பாங்க" என்றார். அந்தப் பெருமைக்கு அடுத்த நாட்களில் நான் கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும்.

வழியில் தேநீர்க்கடை. உட்கார்ந்ததுமே, கேட்காமலே, ஒரு தட்டு நிறைய, உள்ளே மசாலா வைத்துச் சுட்ட ரோல்ஸும் பெட்டிஸும் கொண்டுவந்து வைத்தார்கள். இவ்வளவும் யார் சாப்பிடுவது என்று நான் பதறினேன். எடுத்ததற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும் என்றார் செல்வம். நான் ஒரு ரோல்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பக்கத்து மேசைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தொட்டதையும் எடுத்ததாகத்தான் கணக்கு என்பது அப்போது புரிந்தது. அதையும் சாப்பிட்டேன். உறைப்பு உச்சந்தலைக்கு ஏறியது.

நிலையத்தில் பெயின்ட் வாசனை. சாய்வு நாற்காலிகள் பாலித்தீன் உறை பிரிக்காமல் வரிசையாக இருந்தன. டாக்டர் கௌரி யாழ்ப்பாணத்துக்காரர்; மெலிந்த உருவம், சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கும்.

"வாங்கோ, இருங்கோ" என்றார்.

"இருக்க நேரமில்லை டாக்டர். ஓவியரை எங்கே பார்க்கலாம்?"

"ஓம், ஓம். முதல் தண்ணியைக் குடியுங்கோ." அவர் ஒரு நாற்காலியைக் காட்டினார். "இதில படுக்கிற ஆள் நாலு மணித்தியாலம் அசையேலாது. எதிரில இருக்கிற சுவரைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கவேணும். அதுக்காகத்தான் படம் கேக்கிறம். வடிவுக்காக இல்லை."

நாலு மணி நேரம் அசையாமல் என்றதும் எனக்கு மூச்சு முட்டியது. கிழக்கே மகியங்கனைப் பக்கம் சிறுநீரக நோய் அதிகம் என்றும், அங்கத்திய ஆதிகுடிகளான வேடுவர் குடும்பங்களிலும் அது புகுந்துவிட்டது என்றும் டாக்டர் சொன்னார். வேடுவர் வழியில் வந்த ரன் மெனிகே என்ற பெண் தெல்தெனியவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவர், படமும் வரைவார். அவருடைய தம்பி பெரிய ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்துக் கிடந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இங்கே திறந்ததும் முதல் நாற்காலி அவருக்குத்தான் என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார்.

மறுநாள் தெல்தெனியவுக்குக் கிளம்பினோம். திகன தாண்டியதும் வேனின் கிளட்ச் கைவிட்டது. செல்வம் கீழே படுத்து எதையோ தட்டினார். நான் வேனைச் சுற்றி நடந்தேன். "மிஸ், நீங்க சுத்துறதுல எனக்குத்தான் தல சுத்துது" என்று அடியிலிருந்து குரல் வந்தது. கடைசியில் வேனை ஒரு கராஜில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். நடத்துநர் சிங்களத்தில் ஏதோ விடாமல் கத்திக்கொண்டே வந்தார். என்னவாம் என்று கேட்டேன். "உள்ள போங்க, உள்ள எடம் இருக்குங்கிறான்" என்றார் செல்வம். எங்கள் காந்திபுரம் பஸ்களில் கேட்கிற அதே பொய். ஒற்றைக் காலில் நின்ற எனக்கு ஊர் ஞாபகம் வந்தது.

வீடு நீர்த்தேக்கத்துக்கு மேலே சரிவில் இருந்தது. ரன் மெனிகேக்கு என் வயது இருக்கும். தம்பி சுது பண்டா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில் கட்டு. எங்களுக்குப் பால் விடாத பிளேன்டீயும், கித்துள் என்கிற கூந்தற்பனையின் கருப்பட்டி உள்ளங்கை அளவும் வந்தன. நான் கருப்பட்டியைத் தேநீருக்குள் போட்டுக் கலக்கினேன். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். சுது பண்டாவுக்குத் தேநீர் இல்லை. அவருக்குத் தண்ணீரும் அளவுதான். ஒரு சின்னத் துண்டு ஐஸை வாயில் அதக்கிக்கொண்டு நாங்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

ரன் மெனிகே படங்களைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்ட அளவு வரையும் பழுப்புத் தாள். அதன்மேல் சாம்பலைக் கஞ்சியில் குழைத்து விரலால் வரைந்திருந்தார். உடும்பு, நாய், வில், தேன்கூடு, குச்சி குச்சியாக மனிதர்கள். ஆண்கள் வேட்டைக்குப் போனால் திரும்பும்வரை பெண்கள் குகைச் சுவரில் சாம்பலால் இப்படித்தான் வரைந்துகொண்டிருப்பார்களாம். காத்துக்கொண்டிருப்பவர்கள் வரைந்த படம். காத்திருப்போர் சுவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் துள்ளிவிட்டேன்.

அதில் ஒரு உருவம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரு ஆள் நிற்கிறார். இரண்டு கையும் விரித்து, விரல்கள் பெரிது பெரிதாக. முகத்தில் கண் மூக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நம்மைத்தான் பார்க்கிறார். இதுதான் சின்னம் என்று அந்த நிமிடமே முடிவு செய்து, படம் பிடித்துச் சேர்மனுக்கு அனுப்பினேன். மலை இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. "சூப்பர் அம்மிணி. பில்லு, பை, சட்டை, எல்லாத்துலயும் போட்ருங்க." அன்றிரவு கொத்து ரொட்டி சாப்பிட்டேன். கடைக்காரர் கல்லில் ரொட்டியைக் கொத்திய தாளம்கூட எனக்காக அடித்ததாகவே பட்டது.

மூன்றாம் நாள், செல்வத்தின் வேன் குணமாகி வந்தது. கையேட்டில் போடப் படத்தின் பெயர் வேண்டும் என்று திரும்பவும் போனோம். அந்த உருவத்தைக் காட்டி, இது யார் என்று கேட்கச் சொன்னேன்.

"நே யக்கு" என்றார் ரன் மெனிகே.

செல்வம் வாயைத் திறந்தார், மூடினார்.

"என்ன செல்வம்?"

"நே-ன்னா சொந்தக்காரங்க மிஸ்."

"சரி."

"யக்கு-ன்னா... பேய்ங்க."

"என்னது?"

"சொந்தக்காரப் பேய். செத்துப் போனவங்க."

ரன் மெனிகே மேலே ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நான் காத்திருக்கவில்லை. வாசலுக்கு ஓடி, சிக்னல் கிடைத்த மேட்டில் நின்று, "சார், அந்தப் படத்தைப் பையில அச்சடிக்க வேண்டாம், அது ஏதோ பேயாம்" என்று குரல் பதிவு அனுப்பினேன். அனுப்பிய கையோடு அழைப்பு வந்தது.

"ஏனுங்க அம்மிணி, ஆஸ்பத்திரில பேயா? படுத்துக் கெடக்கறவன் கண்ணுக்கு நேரா செத்தவன் கையை விரிச்சுட்டு நின்னா, வா வான்னு கூப்புடறாப்பல இருக்காதுங்களா? அந்தப் பொண்ணு படமே வேண்டாம். மயில் ஸ்டிக்கரு ஒட்டி வேலைய முடிங்க. தெறப்பு விழாவைத் தள்ள முடியாது."

திரும்பி வந்தபோது மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வத்தின் முகம் போன போக்கிலேயே ரன் மெனிகேக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, படத்தில் விரலை வைத்து, செல்வத்தை விட்டுவிட்டு நேராக என்னிடம் சொன்னார்.

"மகே அப்பச்சி."

எனக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று நினைத்தேன். எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்போம். "இவங்க அம்மாவோட அப்பாவா?" என்று செல்வத்திடம் கேட்டேன்.

"இல்லிங்க மிஸ், என்னோட அப்பாங்கிறாங்க. கண்டிப் பக்கம் சிங்களத்துல அப்பாவ அப்பச்சின்னுதான் கூப்புடுவாங்க."

பேய் என்று கேட்டபோது ஓடினேனே, அப்போது அவர் சொல்லிக்கொண்டிருந்த மிச்சத்தை இப்போது உட்கார்ந்து கேட்டேன். வேடுவரில் ஒருவர் இறந்தால் சில நாளில் அவர் நே யக்கு ஆகிவிடுவார். வீட்டில் யாருக்காவது நோய் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வந்து பக்கத்தில் இருப்பார். ஊர்ச் சிங்களத்தில் யக்கா என்றால் பிசாசு. இவர்களுக்கு அப்படி இல்லை.

"எங்க அப்பச்சிக்கும் இதே கிட்னி வருத்தம்" என்றார் ரன் மெனிகே. செல்வம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டே வந்தார். "அவருக்கு மெஷின் கெடைக்கல. தம்பிக்கு கெடைச்சிருக்கு. அவர் வந்து பார்க்கணும். அதுக்குத்தான் வரைஞ்சேன். கீழ பேரும் போடணும். பேர் சொல்லாட்டி வரமாட்டார்."

மயில் ஸ்டிக்கரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். முன்பு ஒரு ஹோட்டலுக்கு இதே அப்பச்சியை வரைந்து கொடுத்தாராம். திறந்த அன்று விருந்துக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மேசையில் டிஷ்யூ பேப்பரில் அவரை அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் வாயைத் துடைத்துக் கசக்கிப் போட்டார். இவர் மேசை மேசையாகப் போய் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதனால் சுவரில் மட்டும்தான். பில்லில் இல்லை, பையில் இல்லை, சட்டையில் இல்லை.

 சுது பண்டா, வாயிலிருந்த ஐஸ் கரைந்துவிட்டது போல, வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலையில் ஏரியைச் சுற்றி நடந்தேன். மற்றவர்கள் உலாவுகிற இடத்தில் நான் கிட்டத்தட்ட ஓடினேன். முந்தின இரவே எல்லாம் சொல்லியிருந்ததால், டாக்டர் கௌரியிடம் போனபோது அவரும் தூங்காத கண்ணோடுதான் இருந்தார்.

"பேரைச் சொல்லாமல் படத்தை மட்டும் போடலாமே எண்டு நானும் யோசிச்சனான்" என்றார். "குணமாக்கும் கைகள் எண்டு என்னத்தையும் எழுதலாம். சனத்துக்குத் தெரியப்போறதில்லை. ஆனா அந்தப் பிள்ளை தகப்பனைத் தந்திருக்கு. பேரை ஒளிச்சுப் போட்டு வாங்கினால் அது களவு."

"மயில் ஸ்டிக்கர் வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாமே?"

"நான் சொல்லலாம். பேய் எண்டு சொன்னது நான் இல்லையே."

அடி சரியான இடத்தில் விழுந்தது. அங்கேயே, பாலித்தீன் உறை போட்ட நாற்காலிகளுக்கு நடுவில் நின்று சேர்மனைக் கூப்பிட்டேன்.

"சார், நான் அவசரப்பட்டுத் தப்பாச் சொல்லிட்டேன். அது பேய் இல்லை."

"பின்னே?"

"அப்புச்சி."

 "ஆரோட அப்புச்சி?" என்றார்.

"இங்கே அப்பாவை அப்பச்சிங்கிறாங்க. அந்தப் பொண்ணோட அப்பா. இதே நோயில போனவர். தம்பியைப் பாத்துக்க வரணும்னு வரைஞ்சிருக்காங்க."

"இருந்தாலும் செத்தவருதானுங்க அம்மிணி."

"சார், கோயமுத்தூர்ல நம்ம ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சதும் மாலை போட்டு, சிவப்பு பல்பு எரிய ஒரு படம் மாட்டியிருக்கே, அது யாரு?"

"அது எங்க அப்புச்சி" என்றார் சட்டென்று. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. காத்திருந்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "தெனமும் அவரக் கும்புட்டுட்டுத்தான் ஆபரேசனுக்கே போவாங்க எங்க டாக்டருக" என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல. "சரிங்க. செவுத்துல போடுங்க. ஆனா சின்னம்? பில்லுல, பையில போட ஒண்ணு வேணுமில்ல? அது இல்லாம வந்தீங்கன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

செல்வம் அந்தக் கேள்வியைத் தொலைபேசியில் தெல்தெனியவுக்குக் கொண்டுபோனார். இந்த முறை ஒவ்வொரு வாக்கியமும் முடியும்வரை பொறுத்திருந்து, அடுத்ததைச் சொன்னார். அவரும் பாடம் படித்திருந்தார் போலிருக்கிறது.

"தேன்கூட்டப் போட்டுக்கங்கன்னு சொல்றாங்க மிஸ். தேன் எல்லாருக்கும் குடுக்கலாமாம். அப்பச்சியக் குடுக்க முடியாதாம்."

கைபேசியில் எடுத்து வைத்திருந்த படங்களில் தேன்கூட்டைத் தேடி டாக்டரிடம் காட்டினேன். முதல் தடவை போனபோதே ரன் மெனிகே அதைத் தரையில் விரித்திருந்தார். நான்தான் தாண்டிப் போயிருந்தேன். ஆறு ஏழு அறை, அவ்வளவுதான். விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. நான் செய்த சின்னத்திலும் அந்த ரேகையை விட்டுவைத்தேன். சேர்மனுக்குப் பிடித்திருந்தது. சர்க்கரை நோயாளிகள் ஏதாவது சொல்வார்களா என்று மட்டும் கேட்டார்.

ஐந்தாம் நாள் ரன் மெனிகே தம்பியைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். சாம்பல் உதிர்ந்தால் நோயாளிகளுக்கு ஆகாது என்று டாக்டர் கவலைப்பட்டார். பெயின்ட் கடையில் பசை வாங்கி அதில் குழைத்து, காய்ந்ததும் மேலே வார்னிஷ் பூசுவது என்று முடிவாயிற்று. வேலை ஓடியது. உடும்பு வந்தது, நாய் வந்தது, வில் வந்தது. செல்வம் வாங்கி வந்த சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, முதல் நாற்காலிக்கு நேர் எதிரே ரன் மெனிகே அப்பச்சியைத் தொடங்கினார். தலை, தோள், விரித்த கைகள். எல்லாம் தாளில் பார்த்தபடியே. கால் வந்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. முழங்காலை மடக்கிவிட்டார். ஆள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செல்வம், நிற்கிற படம்தானே காட்டினோம்? சேர்மன் பார்த்ததும் அதுதானே?"

செல்வம் கேட்டார். ரன் மெனிகே திரும்பாமல் ஒரு சொல் சொன்னார். "இருங்கன்னு சொல்றாங்க" என்றார் செல்வம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கீழே சிங்களத்திலும் தமிழிலும் ஒரே சொல்லை எழுதினோம்: அப்பச்சி. தமிழ் எழுத்து என் கையால் எழுதியது. ச்-இன் புள்ளி கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. ரன் மெனிகே அந்தப் பெயரை மூன்று தரமோ நாலு தரமோ மெல்லச் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, வாசலைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டர் கௌரிக்கு நாற்காலியைச் சரிபார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. சுது பண்டாவைப் படுக்க வைத்தார். பாலித்தீனைப் பிரித்த சத்தம் அடங்கியதும் அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நீளமாக ஏதோ சொன்னார். ரன் மெனிகே சாம்பல் கையை முகத்தில் வைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

செல்வத்தை நான் அவசரப்படுத்தவில்லை. அவர் சொற்களைத் தேடி எடுத்துச் சொன்னார்.

"தாளுல அப்பா நின்னுக்கிட்டு இருந்தாராம் மிஸ். கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்திருக்காருன்னு இவரு பயந்துக்கிட்டே இருந்தாராம். அக்காகிட்டக்கூட சொல்லலையாம். இப்ப உக்காந்துட்டாரே, அப்ப போறதுக்கு அவசரம் இல்லங்கிறாரு."

சுது பண்டா தலையை ஆட்டினார். பிறகு கட்டுப் போட்ட கையைத் தூக்கி, அக்காவையும் டாக்டரையும் செல்வத்தையும் என்னையும், நின்றுகொண்டிருந்த எல்லோரையும் உட்காரச் சொன்னார்.